வசந்தத்தின் பதினேழு கணங்கள்: காட்டப்படாத தாயகம்

1973 ஆகஸ்ட் 11 அன்று மாலை, சோவியத் மத்தியத் தொலைக்காட்சியில் 'வசந்தத்தின் பதினேழு கணங்கள்' என்ற கறுப்பு வெள்ளைத் தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. மொத்தம் 12 பகுதிகள், ஏறத்தாழ 14 மணி நேரம். ஆகஸ்ட் 24இல் நிறைவடைந்தது. 1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், சரிந்துகொண்டிருக்கும் பெர்லினில், நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்புக்குள் உயர் அதிகாரியாக வேலை பார்க்கும் சோவியத் உளவாளி ஒருவரின் கதை அது. நாஜிகளுக்கு அவர் ஷ்டிர்லிட்ஸ். மாஸ்கோவுக்கு அவர் மக்சிம் இசாயெவ். ஹிட்லரின் முதுகுக்குப் பின்னால் அவருடைய ஆட்களில் யார் மேற்கு நாடுகளோடு தனியாகச் சமாதானம் பேசுகிறார் என்று கண்டறிந்து, அந்தப் பேச்சைக் குலைப்பது அவருடைய பணி. தொடர் ஓடிய மாலைகளில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன என்பது ரஷ்யாவில் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. சோவியத் நாடு கலைந்துபோன பிறகும் தொடர் கலையவில்லை. அதன் இசையும் வசனங்களும் பாத்திரங்களைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகளும், அதைப் பார்த்திராத தலைமுறையின் பேச்சிலும் புழங்குகின்றன.

இந்தத் தொடரைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு தரப்புக்கு இது ரகசியப் போலீஸ் தன் பெயரைத் துலக்கிக்கொள்ளச் செய்வித்த பிரசாரம். திறமையாகச் செய்யப்பட்டிருந்தாலும் பிரசாரமே. இன்னொரு தரப்புக்கு இது, அந்தப் பிரசாரத்தின் போர்வைக்குள் இருந்துகொண்டு, முகமூடி அணிந்து வாழ நேர்ந்த சோவியத் படிப்பாளிகளின் வாழ்வைச் சொன்ன கலைப்படைப்பு. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முக்கியமான கேள்வி விடுபட்டுப் போகிறது: ஒரே படைப்பு, ரகசியப் போலீஸைக் கண்டு அஞ்சியவர்களுக்கும் அந்த ரகசியப் போலீஸுக்கும் ஒருசேர நெருக்கமானதாக எப்படி ஆனது? என் பதில் இது. தொடரை எடுத்தவர்கள் அந்த உளவாளி யாருக்காக உழைக்கிறாரோ அந்த நாட்டைத் திரையில் ஏறக்குறைய காலியாக விட்டார்கள். கலையாக அவர்கள் எடுத்த மிகச் சிறந்த முடிவு அது. 1973இல் பார்வையாளர்கள் அந்தக் காலி இடத்தைத் தங்கள் ஏக்கத்தால் நிரப்பிக்கொண்டார்கள். பின்னாளில் அரசு வந்து அதே இடத்தில் குடியேறியபோது, தடுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

தொடர் பிறந்த சூழலிலிருந்து தொடங்குவது நல்லது. 1967இல் யூரி ஆந்த்ரோபவ் சோவியத் ரகசியப் போலீஸான கேஜிபியின் தலைவரானார். ஸ்டாலின் காலத்துக் கைதுகளும் முகாம்களும் மக்கள் நினைவில் ஆறாமல் இருந்த நேரம் அது. அந்த நிறுவனத்துக்கு வேறொரு முகம் தேவைப்பட்டது. நள்ளிரவில் கதவைத் தட்டுபவரின் முகம் மறைந்து, அந்நிய மண்ணில் தனியாக உயிரைப் பணயம் வைப்பவரின் முகம் முன்னால் வரவேண்டியிருந்தது. 1968இல் வெளிவந்த இரு திரைப்படங்கள் அந்தத் திசையைக் காட்டின. 'கேடயமும் வாளும்' ஒன்று. சவ்வா குலிஷ் இயக்கிய 'மந்த காலம்' இன்னொன்று; அமெரிக்காவில் பிடிபட்டுப் பின்னர் பரிமாற்றத்தில் திரும்பிய உளவாளி ருடால்ஃப் ஆபெல் அதன் முன்னுரைக் காட்சியில் தாமே திரையில் தோன்றிப் பேசினார். 'பதினேழு கணங்கள்' இந்த வரிசையில் வந்தது. அதன் ஆலோசகர்களாகத் தலைப்பு அட்டையில் இடம்பெற்ற ராணுவப் பட்டப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் கேஜிபி அதிகாரிகள்; அவர்களில் ஒருவர் ஆந்த்ரோபவின் முதல் துணைத்தலைவரான செம்யோன் த்ஸ்விகூன். ஆகவே தொடருக்கும் நிறுவனத்துக்கும் இருந்த உறவை மறைக்கவோ குறைத்துச் சொல்லவோ இடமில்லை. அதன் ஆதரவின்றி இவ்வளவு செலவில், இவ்வளவு நீளத்தில், கிழக்கு ஜெர்மனிவரை சென்று படம்பிடித்திருக்க முடியாது.

ஆனால் அந்த வேலை யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்க்கவேண்டும். 1969இல் வெளியான நாவலையும் பின்னர் தொடரின் திரைக்கதையையும் எழுதியவர் யூலியன் செம்யோனவ். அவருடைய தந்தை செம்யோன் லியாந்த்ரெஸ் ஒருகாலத்தில் 'இஸ்வெஸ்தியா' நாளிதழில் புகாரினின் உதவியாளராக இருந்தவர், 1952இல் கைதானார். மகன் தந்தைக்காக மனு மேல் மனு எழுதினார். படித்துக்கொண்டிருந்த கல்வி நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ஸ்டாலின் இறந்த பிறகே தந்தை வீடு திரும்பினார். கெஸ்டாப்போ தலைவர் முல்லராக நடித்த லியோனித் பிரனெவோயின் தந்தை கீவ் நகரில் ரகசியப் போலீஸ் அதிகாரி. 1936இல் அவரே கைதாகி கொலிமா முகாமுக்கு அனுப்பப்பட்டார்; தாயும் சிறுவன் லியோனிதும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். விசாரணை அறையின் இருபுறத்தையும் ஒரே குடும்பத்துக்குள் கண்ட மனிதர் அவர். திரையில் அவருடைய முல்லர் கூச்சல் போடுவதில்லை. இறுக்கமான கழுத்துப்பட்டியில் கழுத்தைச் சட்டென்று வெட்டி இழுத்தபடி, அலுப்போடும் ஒருவகை வாஞ்சையோடும் கேள்வி கேட்கிறார். விசாரிப்பவன் அரக்கனாகத் தோன்றவேண்டிய அவசியமில்லை, களைத்த அலுவலராகவும் இருக்கலாம் என்பதை அந்த நடிப்பு அறிந்துவைத்திருக்கிறது. அதற்கும் பிரனெவோயின் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை யாராலும் நிறுவ முடியாது. ஆனாலும் கேஜிபி தன் புகழுக்காக விரும்பிய தொடரின் எழுத்தாளரும் மறக்க முடியாத நடிகரும் அந்த நிறுவனத்தின் முன்னோடிகளால் காயம்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பது கட்டாயம் கணக்கில் சேரவேண்டியது.

இயக்குநர் தத்தியானா லியோஸ்னொவா. 1924இல் மாஸ்கோவில் பிறந்தவர். போரில் தந்தையை இழந்தவர். செர்கெய் கெராசிமவிடம் திரைக்கலை கற்றவர். இதற்கு முன் அவர் எடுத்த படங்களில் பேர்பெற்றது 'ப்ளியூஷிகா தெருவின் மூன்று நெட்டிலிங்கங்கள்'. கிராமத்திலிருந்து மாஸ்கோவுக்கு வந்த திருமணமான பெண்ணுக்கும் ஒரு வாடகைக்கார் ஓட்டுநருக்கும் இடையே நிகழாமலே போகும் அன்பின் கதை அது. நிகழாததைப் படமாக்கத் தெரிந்தவர் என்பதே உளவுக் கதைக்கு லியோஸ்னொவா கொண்டுவந்த தகுதி. அவர் எடுத்த தொடரில் துரத்தல் காட்சி அரிது. துப்பாக்கிச் சத்தம் விரல்விட்டு எண்ணத்தக்கது. மாறாக ஒரு மனிதர் யோசிக்கிறார். அதை நாம் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வானொலிக் கருவி இருந்த பெட்டியில் ஷ்டிர்லிட்ஸின் கைரேகை கிடைத்துவிட, முல்லர் அவரை நிலவறையில் அடைத்துவைத்து விளக்கம் கேட்கும் கட்டம் இதற்கு உச்சம். தப்பிக்க ஒரு பொய் வேண்டும். நம்பத்தக்க பொய்யாக இருக்கவேண்டும். ஷ்டிர்லிட்ஸ் மேசைமேல் தீக்குச்சிகளை அடுக்கிக்கொண்டே தன் நினைவைத் துருவுகிறார். கதையின் மிகப் பெரிய ஆபத்து இவ்வளவுதான்: ஓர் அறை, ஒரு மேசை, கொஞ்சம் தீக்குச்சிகள், ஒரு முகம்.

அந்த முகம் வியாச்செஸ்லாவ் திகோனவுடையது. சோவியத் பார்வையாளர்கள் அவரை முன்பே நன்கு அறிவார்கள். பந்தர்சூக்கின் 'போரும் அமைதியும்' படத்தில் இளவரசர் ஆந்த்ரேய் அவர். 'திங்கள்வரை தாங்குவோம்' படத்தில் மனசாட்சியோடு மல்லுக்கட்டும் வரலாற்று ஆசிரியர் அவர். பிரபுவின் நிமிர்வும் ஆசிரியரின் களைப்பும் கலந்த அந்த முகத்துக்கு எஸ்.எஸ். சீருடையை மாட்டிவிட்டு, லியோஸ்னொவா அதைப் பேசாமல் இருக்கவிட்டார். பேசுவது இன்னொருவர்: லெனின்கிராத் நாடக நடிகர் யெஃபிம் கப்பெல்யான். அவருடைய தாழ்ந்த, அவசரமற்ற குரல் நாயகனின் எண்ணங்களையும் ஆவணங்களையும் ஒவ்வொரு நாஜித் தலைவரின் பணிக்குறிப்பையும் வாசிக்கிறது. திரையில் கடிகாரம் போல நாளும் நேரமும் அச்சாகின்றன. இடையிடையே உண்மையான போர்க்காலச் செய்திப்படத் துண்டுகள் வருகின்றன. குரலுக்கும் முகத்துக்கும் இடையே ஏற்படும் பிளவுதான் தொடரின் அழகியலே. வெளியே ஒருவர், உள்ளே ஒருவர், உள்ளே இருப்பவரின் பேச்சு நமக்கு மட்டும் கேட்கிறது.

இனி அந்தக் காலி இடத்துக்கு வருகிறேன். பதினான்கு மணி நேரத் தொடரில் சோவியத் நாடு எவ்வளவு வருகிறது? மாஸ்கோ அலுவலக அறைகளில் சில குறுங்காட்சிகள். ஸ்டாலின் தோன்றும் சில நிமிடங்கள். செய்திப்படத்தில் முன்னேறும் படைகள். இவற்றைத் தவிர, ஷ்டிர்லிட்ஸின் தாயகம் என்பது எண்களாக வானொலியில் வரும் சங்கேதச் செய்தி. அதன் உயிர் முழுவதும் இரண்டு காட்சிகளில் தங்கியிருக்கிறது. ஒன்று 'எலிஃபண்ட்' என்ற உணவகக் காட்சி. பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய மனைவியை ஜெர்மனிக்கு அழைத்துவந்து, சில மேசைகள் தள்ளி உட்காரவைக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நெருங்கக் கூடாது; பேசக் கூடாது; முகம் மாறக் கூடாது. ஏறத்தாழ ஆறு நிமிடம் ஒரு சொல்லும் இல்லை. மிக்காயெல் தரிவெர்தியெவின் பியானோ மட்டும். நாவலில் இல்லாத காட்சி இது. இன்னொன்று, செஞ்சேனை நாளான பிப்ரவரி 23 அன்று அவர் தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, கணப்பின் சாம்பலில் உருளைக்கிழங்கைச் சுட்டு, ஒரு கிளாஸ் மதுவோடு தன்னந்தனியாகக் கொண்டாடும் இரவு. மனதுக்குள் ஒரு ரஷ்யப் பாட்டு ஓடுகிறது, உதடு அசையவில்லை. கட்சி இல்லை, கொடி இல்லை, தலைவர் படம் இல்லை. ஒரு மனைவியின் கண்களும் சுட்ட கிழங்கின் மணமும்தான் தாயகம். தரிவெர்தியெவ் இசையமைத்து, ராபர்ட் ரஷ்தெஸ்த்வென்ஸ்கி எழுதி, யோசிப் கப்ஸோன் பாடிய இரு பாடல்களும் ஓடும் காலத்தையும் தொலைவில் உள்ள நாட்டையுமே பாடுகின்றன, வெற்றியைப் பாடவில்லை.

தாயகத்தில் மனிதர்கள் இல்லாததால் நாயகனின் அன்பு முழுவதும் எங்கே போகிறது என்று கவனித்தால் வியப்பாக இருக்கும். அது ஜெர்மானியர்களிடம் போகிறது. அவரோடு சதுரங்கம் ஆடும் முதிய ஃப்ராவ் சாவ்ரிச், நாயகனின் கனிவைக் காட்டுவதற்காகவே தொடரில் புதிதாகச் சேர்க்கப்பட்ட பாத்திரம். நாஜி எதிர்ப்பாளரான பாதிரியார் ஷ்லாக், ரஸ்திஸ்லாவ் பிளாத்தின் நடிப்பில், தொடரின் மனசாட்சியாகவே நிற்கிறார். நாத்திக அரசின் தொலைக்காட்சியில் ஒரு மதகுருவுக்குக் கிடைத்த மரியாதை அது. யெவ்கேனி யெவ்ஸ்திக்னேயெவ் நடித்த பேராசிரியர் பிளைஷ்னர், முகாமிலிருந்து வெளிவந்த பயந்த மனிதர். பெர்ன் நகரத்துச் சுதந்திரக் காற்றில் திளைத்துப்போய், ஜன்னலில் வைத்திருந்த பூச்செடி என்ற ஆபத்துக் குறியைக் கவனிக்கத் தவறி, வலையில் சிக்குகிறார். நச்சைக் கடித்து ஜன்னலிலிருந்து விழுந்து மாள்கிறார். ரிகா நகரத்து யவுனியெலா தெருவில் எடுக்கப்பட்ட அந்தக் காட்சியில், ஒரு மனிதர் மகிழ்ச்சியாக இருந்த ஒரே குற்றத்துக்காகச் சாகிறார். ஷ்டிர்லிட்ஸின் வானொலிக் கருவியை இயக்கும் காத்தின் பச்சைக் குழந்தையைப் பனிக்குளிரில் திறந்த ஜன்னலருகே கிடத்தி அவளைப் பேசவைக்க முயலும்போது, துப்பாக்கியை எடுத்து அதைத் தடுப்பவர் ஹெல்முட் என்ற ஜெர்மன் சிப்பாய். சோவியத் மக்களின் மேன்மையைக் காட்ட எடுத்த தொடரில், மேன்மையான செயல்களில் பெரும்பங்கைச் செய்பவர்கள் எதிரி நாட்டின் சாமானியர்கள்.

இப்படி அமைந்த தொடரை 1973இல் பார்த்தவர்களுக்கு அதில் என்ன தெரிந்தது? ப்ரெஷ்னேவ் காலத்து நகரவாசிக்கு அலுவலகத்தில் ஒரு பேச்சு, வீட்டுச் சமையலறையில் ஒரு பேச்சு. ஷ்டிர்லிட்ஸோ நீண்ட தாழ்வாரங்களும் கோப்புகளும் மேலதிகாரிகளின் குணவிசேஷங்களும் நிறைந்த ஒரு பெரிய அலுவலகத்தில், தான் நம்பாத ஒன்றின் ஊழியராக ஆண்டுக்கணக்கில் நடித்துக்கொண்டு, உள்ளே தன் நேர்மையைக் காத்துவருகிறார். ஒலெக் தபகோவின் ஷெல்லன்பெர்க் சிரித்த முகத்தோடு காரியம் சாதிக்கும் இளம் அதிகாரி. இத்தகையவர்களைப் பார்வையாளர்கள் தங்கள் வேலையிடத்திலேயே கண்டிருப்பார்கள். இந்த ஒப்புமை பின்னாளைய ஆய்வாளர்களின் கற்பனை, அன்றைக்குப் பார்த்தவர்கள் தேசபக்திக் கதையாகத்தான் பார்த்தார்கள் என்று மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. லியோஸ்னொவாவோ செம்யோனவோ ஆட்சிக்கு எதிராக ரகசியச் செய்தி வைத்தார்கள் என்று காட்ட எந்தச் சான்றும் இல்லை. இருவரும் தங்கள் நாயகனை மனதார நேசித்தார்கள். ஆனால் தொடர் ஒளிபரப்பானதும் பெருகத் தொடங்கிய ஷ்டிர்லிட்ஸ் துணுக்குகளை இங்கே சாட்சிக்கு அழைக்கலாம். அவற்றில் மிகப் பலவும் கப்பெல்யானின் குரலைத்தான் இயந்திரமாகக் கொண்டவை: வெளியே நடப்பது ஒன்று, குரல் கம்பீரமாகச் சொல்லும் எண்ணம் இன்னொன்று. அதிகாரபூர்வக் குரலுக்கும் கண்முன் தெரியும் நிலைமைக்கும் உள்ள இடைவெளியைத் தினமும் அனுபவித்தவர்கள்தான் அதிலிருந்து இவ்வளவு சிரிப்பை எடுத்திருக்க முடியும். அவர்கள் எதிர்ப்பாளர்களாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலி இடத்தில் தங்களை வைத்துப் பார்த்தார்கள் என்கிறேன்.

பிரசாரம் என்ற குற்றச்சாட்டின் வலுவான பகுதி வரலாற்றைப் பற்றியது. அதை நேராக எதிர்கொள்ளவேண்டும். தொடரின் அடித்தளம் உண்மை நிகழ்ச்சி. 1945 மார்ச் 8 அன்று இத்தாலியிலிருந்த எஸ்.எஸ். தளபதி கார்ல் வோல்ஃப், சூரிச் நகரில் அமெரிக்க உளவுத்துறையின் ஆலன் டல்லஸைச் சந்தித்தார். பின்னர் அஸ்கோனாவில் நேச நாட்டுத் தளபதிகளோடும் பேச்சு நடந்தது. ஸ்டாலினுக்கும் ரூஸ்வெல்ட்டுக்கும் இடையே இதைப் பற்றிக் கசப்பான கடிதங்கள் போய்வந்தன. இவ்வளவும் வரலாறு. ஆனால் பேச்சுவார்த்தையைப் பற்றி மாஸ்கோவுக்கு மேற்கு நாடுகளே மார்ச் மாத நடுவில் தெரிவித்துவிட்டன. சர்ச்சை, சோவியத் பிரதிநிதிகளைச் சேர்க்கலாமா என்பதில்தான் வெடித்தது. எந்த ஷ்டிர்லிட்ஸும் அதைக் குலைக்கவில்லை. இடையில் தடைபட்டாலும் பேச்சு தொடர்ந்தது. ஏப்ரல் 29இல் கசெர்ட்டாவில் சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மே 2இல் இத்தாலியில் ஜெர்மன் படைகள் ஆயுதத்தைக் கீழே வைத்தன. இத்தாலியில் போர் சில நாட்கள் முன்னதாக முடியக் காரணமான ஒன்றைத் தொடர் முழுக்க முழுக்கத் துரோகமாகக் காட்டுகிறது. செய்திப்படத் துண்டுகளும் ஆவணக் குரலும் நிமிடக் கணக்கும் சேர்ந்து இந்தப் புனைவுக்கு ஆவணத்தின் தோற்றத்தைக் கொடுக்கின்றன. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. பனிப்போரின் பழியை மேற்கின் தலைமேல் கட்டும் ஒரு வாதம், மறுக்கமுடியாத உண்மைபோலக் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போயிற்று.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. தொடர் நடக்கும் இடம் மூன்றாம் ரைஹின் பாதுகாப்புத் தலைமை அலுவலகம். யூத இன அழிப்பு திட்டமிடப்பட்ட கட்டடங்களின் அலுவலகம். ஆனால் அந்த அழிப்பு தொடரில் மையப் பொருளாக ஒருபோதும் வருவதில்லை. தொடரில் பங்களித்தவர்களில் லியோஸ்னொவா, செம்யோனவ், பிரனெவோய், கப்ஸோன் எனப் பலர் யூத வம்சாவளியினர் என்பதை எண்ணும்போது அந்த மௌனம் இன்னும் அழுத்துகிறது. சோவியத் அரசு நாஜிக் கொடுமையில் பலியானவர்களை அமைதியான சோவியத் குடிமக்கள் என்ற பொதுப்பெயரிலேயே நினைவுகூர அனுமதித்தது. தொடர் அந்த எல்லையைத் தாண்டவில்லை. விளைவாக முல்லரும் ஷெல்லன்பெர்க்கும் கூர்மையான, சுவாரஸ்யமான, ஓரளவு பிரியத்துக்குரிய அலுவலர்களாகிவிட்டார்கள். நாஜிகளைக் கோமாளிகளாக மட்டும் காட்டிய முந்தைய சோவியத் படங்களைவிட இது முதிர்ச்சியான அணுகுமுறை என்று தொடரின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். எதிரியைப் புத்திசாலியாகக் காட்டியது முதிர்ச்சி என்பதை ஏற்கிறேன். அந்தப் புத்தி எதற்குப் பயன்பட்டது என்பதைக் காட்டாமல் விட்டதற்கு அது சமாதானமாகாது. காலி இடம் தாயகத்தில் இருந்தபோது அது கலையாக இருந்தது. குற்றத்தின் இடத்திலும் அது பரவியபோது, கலை அரசின் விதிக்குப் பணிந்தது.

மற்ற நாடுகளின் இரண்டு உளவுத் தொடர்களை அருகில் வைத்துப் பார்த்தால் இந்தத் தேர்வின் தனித்தன்மை தெளிவாகும். பிபிசி 1979இல் ஏழு பகுதிகளாக ஒளிபரப்பிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'யும் மெதுவான தொடர்தான். அதிலும் அலெக் கின்னஸின் அசையாத முகம்தான் எல்லாம். ஜான் இர்வின் இயக்க, ஆர்தர் ஹாப்கிராஃப்ட் திரைக்கதை எழுதியது. ஆனால் மூல நாவலை எழுதிய ஜான் லெ கார்ரே பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர். அதன் அறைகளை நமக்குத் திறந்துகாட்டுகிறார். துரோகி வெளியே இல்லை, மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நண்பர்களுக்குள் இருக்கிறான். தொடர் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நவம்பர் 15 அன்று, அரச குடும்பத்தின் ஓவியப் பொறுப்பாளராக இருந்த ஆன்டனி பிளண்ட் முன்னாள் சோவியத் உளவாளி என்று பிரதமர் தாட்சர் நாடாளுமன்றத்தில் உறுதிசெய்தார். அந்தத் தொடரை வைத்து பிரிட்டிஷ் உளவுத்துறை பெருமை தேடிக்கொள்வது கடினம்; வீட்டின் உட்புறம் முழுதும் அதில் தெரிகிறது. 2013 முதல் 2018 வரை வந்த 'தி அமெரிக்கன்ஸ்' இன்னும் நெருங்கிய ஒப்பீடு. அதை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க் சிஐஏவில் பணியாற்றியவர். முன்னாள் ஊழியர் என்ற முறையில் திரைக்கதைகளை அந்த நிறுவனத்தின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆக அங்கேயும் நிறுவனத்தின் நிழல் உண்டு. ஆனால் அமெரிக்கக் குடும்பமாக வாழும் அந்த சோவியத் தம்பதியின் தாயகத்தைத் தொடர் பருவத்துக்குப் பருவம் கூடுதலாகக் காட்டுகிறது: மாஸ்கோவின் கடை வரிசைகள், ஊழல், சிறை, ஒரு பெண்ணின் மரண தண்டனை. கடைசியில் அவர்கள் பிள்ளைகளை இழந்து மாஸ்கோவுக்குத் திரும்பும்போது, எதற்குத் திரும்புகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஷ்டிர்லிட்ஸோ திரும்புவதே இல்லை. தொடரின் முடிவில் காத்தை எல்லை தாண்டி அனுப்பிவிட்டு, வழியில் காரை நிறுத்திச் சற்று நேரம் மண்ணில் உட்கார்ந்திருந்துவிட்டு, வேலைக்காக பெர்லினை நோக்கிப் போகிறார்.

அந்த முடிவு தந்த வசதியைப் பின்வந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1992இல் பீட்டர்ஸ்பர்க் நகராட்சியில் துணை மேயர் நிலையில் இருந்த விளாதிமிர் புதின், இகோர் ஷத்கான் எடுத்த ஆவணப்படத்தில் தம் கேஜிபி பின்னணியைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அந்த நிறுவனத்தின் பெயர் அடிமட்டத்தில் இருந்த காலம் அது. படத்தில் அவர் கார் ஓட்டிச் செல்லும் காட்சிக்குப் பின்னணியாகத் தரிவெர்தியெவின் அதே இசை ஒலித்தது. வாதமோ விளக்கமோ தேவைப்படவில்லை. ஜெர்மனியில் வேலை பார்த்த, அமைதியான, தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ரஷ்ய அதிகாரி என்ற உருவம் மக்கள் மனதில் இருபது ஆண்டுகளாகத் தயாராக இருந்தது. ஒரு மனிதர் அதற்குள் காலடி வைத்தார். 1999இல் எந்தத் திரைப் பாத்திரத்தைக் குடியரசுத் தலைவராக ஏற்பீர்கள் என்று ரஷ்யாவில் கருத்துக் கேட்டபோது ஷ்டிர்லிட்ஸ் முன்னணியில் வந்தார். இதற்குத் தொடரை எடுத்தவர்களைப் பொறுப்பாக்குவது அநியாயம் என்று சொல்லலாம். 1973இல் உணவகத்தில் இரண்டு பேரை மௌனமாக உட்காரவைத்த பெண்மணிக்கு 1992இன் பின்னணி இசையை எப்படித் தெரிந்திருக்கும்? உண்மை. நான் சொல்வது குற்றப்பொறுப்பைப் பற்றியதல்ல, அமைப்பைப் பற்றியது. உளவாளியின் நேர்மையை அவர் பணியாற்றும் நிறுவனத்திடமிருந்து பிரித்து, தனி மனித குணமாகத் தூய்மைப்படுத்திக் கொடுத்தது தொடர். குணம் பிரிக்கப்பட்ட பிறகு அதை எந்த நிறுவனமும் எடுத்து அணிந்துகொள்ளலாம்.

இதற்கு மாற்று இருந்ததா என்றால், இருந்தது. அதை எழுதியவர் செம்யோனவ்தான். 1990இல், தம் இறப்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், அவர் வெளியிட்ட 'விரக்தி' என்ற நாவலில் இசாயெவ் கடைசியாகச் சோவியத் நாட்டுக்குத் திரும்புகிறார். வரவேற்பது சிறை. விசாரிப்பவர்கள் ரஷ்ய மொழி பேசும் முல்லர்கள். அவர் வாழ்நாள் முழுதும் யாரை நினைத்து உயிரோடு இருந்தாரோ அந்த மனைவியையும் மகனையும் அதே அரசு கொன்றுவிடுகிறது. தொடர் காலியாக விட்ட தாயகத்தைச் செம்யோனவ் இறுதியில் தம் தந்தைக்கு நேர்ந்ததைக் கொண்டு நிரப்பினார் என்று அந்த நாவலைப் படிக்கலாம். 1973இல் அதை எழுதவும் முடியாது, படமாக்கவும் முடியாது. ஆனால் அப்படி ஒரு தொடர்ச்சி அந்தப் பாத்திரத்துக்குள் தொடக்கத்திலிருந்தே சாத்தியமாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. 2009இல் ரஷ்ய அரசுத் தொலைக்காட்சி ஷ்டிர்லிட்ஸை இருமுறை மீட்டெடுத்தது. மே மாதம் பழைய தொடருக்கு வண்ணம் பூசி ஒளிபரப்பியது. பின்னர், செம்யோனவின் வேறு நாவல்களிலிருந்து, 1920களின் இளம் உளவாளியைப் பற்றி செர்கெய் உர்சுல்யாக் இயக்கிய 'இசாயெவ்' என்ற புதிய தொடரையும் கொடுத்தது. அந்த உளவாளி வீடு திரும்பும் நாவலை அது தொடவில்லை.